பின்னால நடந்து வந்த வீடு

இறக்கித்தான் வெச்சிருக்கேன் சார், இல்லைன்னு யாரு சொன்னா? எல்லா ஷட்டரும் அடிவரைக்கும் இறங்கித்தான் கெடக்கு, தண்ணி பூரா மேல நிக்குது, கீழ ஆறு முழங்காலுக்குத்தான் ஓடுது, நீங்க பாத்தது பாத்தபடி சரி. ஏத்தச் சொல்லி உத்தரவு உங்க சட்டைப்பையில இருக்கு, அதுவும் சரி. ஏத்துறேன். இது சர்க்கார் அணை, நான் சர்க்கார் லஸ்கர், ஏத்துன்னா ஏத்துறதுக்கும் இறக்குன்னா இறக்குறதுக்கும்தான் எனக்குச் சம்பளம். ஆனா ஏன் இறக்கினேன்னு ஒரு கேள்வி கேட்டீங்க பாருங்க, அதுக்குப் பதில் சொல்லாம ஏத்தினா நல்லா இருக்காது. அந்தத் திட்டுல உக்காருங்க. துப்பாக்கியை இப்படிச் சாத்தி வைங்க, அதுக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கட்டும்.

அதோ, வளைவுக்குக் கீழ, ஆத்துக்கு நடுவுல, கொஞ்சம் பொம்பளைங்க குனிஞ்சு நிக்கிறது தெரியுதா? நிக்கலை சார், வந்துகிட்டிருக்காங்க. நமக்கு முதுகு காட்டிக்கிட்டு, ஒவ்வொரு எட்டா பின்னால வெச்சு வெச்சு வர்றாங்க. எல்லாருக்கும் முந்தி, பச்சைச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வர்றா பாருங்க, அவ பேரு மூக்காயி. அவ பெத்த புள்ளை இந்தக் கரையில இருக்கு. நீங்க இப்ப இந்த வீலைச் சுத்தினா ரெண்டாள் மட்டம் தண்ணி, ஒரு பீடி பத்த வைக்கிறதுக்குள்ள, அவ இருக்கிற எடத்துக்குப் போயிரும். அதான் சார் பதில். இனிமே நான் சொல்றதெல்லாம் வெறும் விளக்கம்.

சண்டை எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும், போடுறவங்க நீங்க. ஆனா தலைநகரத்துல இருந்து பாத்தா ஒரு மாதிரி தெரியும், அணை மேல இருந்து பாத்தா வேற மாதிரி தெரியும். போன வருஷம் சட்டம் வந்துச்சுல்ல, படியாள்னு இனிமே யாரும் கெடையாது, ஒருத்தரை ஒருத்தர் பரம்பரையா வெச்சு ஆளக்கூடாதுன்னு, அன்னைக்குச் சாயங்காலமே தென்கரைப் பண்ணையாருங்க எல்லாம் ஒண்ணாக் கூடி, அப்படின்னா நாங்க இந்த நாடே கெடையாதுன்னுட்டாங்க. மறுநாள் தனிக்கொடி, அதுக்கு மறுநாள் தனித் தபால்தலை. கொடியில நெல்லுக்கதிர் போட்டிருந்தாங்க, அறுத்தவ கையைப் போடலை. மணியைக்கூட அரைமணி நேரம் முன்னால தள்ளி வெச்சுக்கிட்டாங்க, தனி நாடுன்னா தனி நேரம் வேணுமாம். அதனால அங்க ஆளுங்க அரைமணி முந்தியே வயல்ல எறங்கணும்னு ஆச்சு, சூரியன் மட்டும்தான் சொன்ன பேச்சுக் கேக்காம பழைய நேரத்துக்கு வந்துக்கிட்டிருந்துச்சு.

எங்க ஊருக்கு அப்பவும் சண்டை வரலை. அது ரேடியோவுல நடந்துச்சு. டீக்கடை பவுன்ராசு வால்யூமைக் கூட்டினா சண்டை பலமா இருக்கும், குறைச்சா சமாதானம். வடகரைக்காரங்க நாங்க, நியாயமான ஆளுங்க, அடிமை வெச்சுக்கிறது பாவம்னு எல்லாருக்கும் தெரியும், தென்கரை அரிசி வெலை கம்மின்னும் எல்லாருக்கும் தெரியும், ரெண்டையும் ஒரே வாயில மென்னுக்கிட்டு நிம்மதியாத்தான் இருந்தோம்.

அப்பத்தான் அந்த வீடு வந்துச்சு.

நடவு மாசம், விடிஞ்சு கொஞ்ச நேரம், ஆத்து மேல வெள்ளையா மூட்டம். நான் இந்த எடத்துலதான் நின்னு ஷட்டருக்கு கிரீஸ் போட்டுக்கிட்டிருந்தேன். பாத்தா, தென்கரையில இருந்து ஒரு குடிசை ஆத்துல எறங்குது. நாலு மூலைக் காலும் மண்ணை விட்டு எழும்பி, அடைகாத்த கோழி எந்திரிச்ச மாதிரி ஒரு குலுக்கு குலுக்கிக்கிட்டு, கூரைக் கீத்தை எல்லாம், ஆத்தைக் கடக்குற பொம்பளை சேலையைத் தூக்கிப் பிடிப்பா பாருங்க, அப்படித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வாசல் தென்கரையைப் பாத்தபடியே, பின்னாலயே ஒவ்வொரு எட்டா வெச்சு வருது. ஏன் பின்னால வருதுன்னு கேப்பீங்க. நடவு நட்டுப் பாத்திருக்கீங்களா சார்? நாத்தை ஊனிக்கிட்டு முன்னால போக முடியாது, ஊனினதை மிதிச்சிருவோம், அதனால பின்னாலயேதான் போகணும். அந்தப் பொம்பளைங்க ஆயுசு பூரா அப்படித்தான் நடந்தாங்க. அதைப் பாத்துப் பாத்துதான் அந்த வீடு நடக்கக் கத்துக்கிச்சு. அதுக்கு வேற நடை தெரியாது.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, இது ஷட்டர்ல வந்து இடிச்சா மேலிடத்துக்கு யாரு விளக்கம் எழுதுறதுன்னுதான் தோணுச்சு. இடிக்கலை. வளைவுக்குக் கீழ கரை ஏறி, சொட்டச் சொட்ட மீன் மார்க்கெட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, டவுன் பஸ் நிக்கிற எடத்துல மெதுவா உக்காந்துருச்சு. ரோட்டுக்கு முதுகு, வாசல் ஆத்தைப் பாத்து. டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, ஒடிச்சுச் சுத்திக்கிட்டுப் போனாரு. அப்புறம் ரொம்ப நாள் பஸ் அப்படித்தான் சுத்திப் போச்சு.

பேரூராட்சித் தலைவர் கோமதிநாயகம் பல் வெளக்கின துண்டோடயே வந்துட்டாரு. "யாரு வீடுடா இது?"

"தெரியலைங்க அண்ணாச்சி, இப்பத்தான் வந்துச்சு"ன்னான் பவுன்ராசு.

"வந்துச்சுன்னா? யாரு கொண்டாந்தா?"

"அதுவா வந்துச்சு அண்ணாச்சி. டீ குடிக்கிறீகளா?"

"அனுமதி வாங்காம பஸ் ஸ்டாண்டுல வீடு கட்டக்கூடாதுலே."

"கட்டலையே அண்ணாச்சி. கட்டினது அங்க. இங்க உக்காந்திருக்கு, அவ்வளவுதான்."

தலைவர் யோசிச்சாரு. உக்காருறதுக்கு அனுமதி வேணும்னு எந்த விதியிலயும் இல்லை. டீ குடிச்சாரு.

என் சம்சாரம் செபஸ்தியம்மாதான் முதல்ல உள்ள போனவ. குனிஞ்சுதான் போகணும், தென்கரையில படியாள் வீட்டு வாசல் இடுப்புக்கு மேல இருக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு. அடுப்புல இன்னும் கதகதப்பு இருந்துச்சு, சட்டியில ராத்திரிக் கூழு, நடுவுல பழைய சேலையில கட்டின தொட்டில். அவ வெளிய வரும்போது கையில ஒரு பொட்டப்புள்ளை. நாலஞ்சு மாசம் இருக்கும். தூங்கிக்கிட்டிருந்துச்சு. ஆத்தைத் தாண்டி வந்தது அதுக்குத் தெரியாது, தொட்டில் ஆடுச்சுன்னு நெனைச்சிருக்கும்.

ஆத்தாக்காரி தொட்டில்ல போட்டுட்டு நடவுக்குப் போயிருக்கா. அவ வயல்ல குனிஞ்ச நேரம் பாத்து, வீடு புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருச்சு. ஏன் கெளம்புச்சு, எப்படிக் கெளம்புச்சுன்னு ஒரு நாள் பேசினோம். ரெண்டாவது நாள் புள்ளைக்குப் பசும்பால் ஒத்துக்குமா ஆட்டுப்பால் ஒத்துக்குமான்னு பேச்சு வந்துருச்சு, அதுக்கு ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்துச்சு, அதனால வீடு எப்படி நடந்துச்சுங்கிற விஷயம் அப்படியே நின்னுபோச்சு.

அப்புறம் அந்த மாசம் பூரா வந்துச்சுங்க சார். மூட்டம் எறங்கின காலையில எல்லாம் ஒண்ணு ரெண்டு வரும். சிலது தனியா வரும், சிலது ஒண்ணுக்கொண்ணு கூரையைத் தொட்டுக்கிட்டு அக்கா தங்கச்சி மாதிரி வரும், கெழட்டுக் குடிசை ஒண்ணு நடு ஆத்துல மூச்சு வாங்கி நின்னுச்சு, நான் கொஞ்சம் ஷட்டரை இறக்கிக் குடுத்தேன், போச்சு. எல்லாம் காலி வீடுங்க, ஆளுங்க அங்க வயல்ல. வந்து, எடம் கண்ட எடத்துல உக்காந்துச்சுங்க. ஒண்ணு ஜவுளிக்கடை வாசல்ல உக்காந்துச்சு. கடைக்காரர் சிவசுப்பு ஒரு வாரம் அதைத் திட்டினாரு, ரெண்டாவது வாரம் அது கூரையில தள்ளுபடி போர்டு வெச்சாரு, மூணாவது வாரம் மழையில கீத்து நழுவினப்ப அவரே ஏணி போட்டு ஏறிக் கட்டினாரு. பொம்பளைங்க அவங்கவங்க வாசலைக் கூட்டுறப்ப பக்கத்துல உக்காந்திருக்கிற குடிசை வாசலையும் சேத்துக் கூட்டினாங்க. அடுப்பு அணைஞ்ச வீடு ஏங்கிப்போகும்னு யாரோ சொல்லி, ஆளுக்கொரு வீட்டுல சாயங்காலம் ஒரு கை சுள்ளி பத்த வெச்சாங்க. எங்க அந்தோணியார் கோயில் சாமியார் ஞாயித்துக்கெழமை பிரசங்கத்துல விருந்தாளிங்களைப் பத்திப் பேசினாரு, பேர் சொல்லலை, ஆனா எல்லாரும் ஜன்னல் வழியா வெளிய பாத்தாங்க.

தென்கரையில இதைக் கண்டுபிடிக்கலையான்னு கேப்பீங்க. கண்டுபிடிக்கலை. அங்க கங்காணிங்களுக்கு ஒரு கணக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கு. முகம் தெரிஞ்சா ஆள் வேலையில இருக்கு, முதுகு தெரிஞ்சா ஆள் ஓடுது. தலைமுறை தலைமுறையா அதை மட்டுமே பாத்துப் பாத்து அவங்க கண்ணு அதுக்குன்னே ஆகிப்போச்சு, முதுகைத் தவிர வேற எதையும் அது புடிச்சு நிறுத்தாது. குடிசை எல்லாம் வாசலை அந்தப் பக்கம் காட்டிக்கிட்டே போச்சா, வாசல்தானே வீட்டுக்கு முகம், ஆத்துக்கு அந்தப் பக்கம் போயி உக்காந்த பெறகும் முகம் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சா, வீடெல்லாம் எடத்துல இருக்குன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க. ராத்திரி படியாளுங்க எல்லாம் வெறுந்தரையில படுத்தாங்க. அதைப் பாத்தா மட்டும் என்ன, எப்பவும் அப்படித்தான படுக்குதுங்கன்னு விட்டுருப்பாங்க.

கெடுத்தது நாங்கதான். நல்ல எண்ணத்துல கெடுத்தோம்.

எங்க அந்தோணியார் திருவிழா வந்துச்சு. சப்பரம் பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் சுத்தி வரணும். சப்பரம் வர்ற தெருவுல எந்த வீடும் முதுகு காட்டி நிக்கக்கூடாதுங்கிறது எங்க வழக்கம், புனிதர் வரும்போது வாசல்ல வெளக்கு வெச்சு நிக்கணும். பின்கட்டு ரோட்டைப் பாத்த வீட்டுக்காரன்கூட அன்னைக்குச் சுவத்துல வாசல் மாதிரி சுண்ணாம்பு அடிச்சு வெப்பான். பஸ் ஸ்டாண்டு வீடு நம்ம விருந்தாளி, அதுலயும் ஒரு புள்ளை பொறந்த வீடு, அது மட்டும் ஆசீர்வாதம் இல்லாம முதுகைக் காட்டி உக்காந்திருக்கலாமான்னு எல்லாருக்கும் மனசு கேக்கலை. சப்பரம் தூக்குற ஆளுங்களே வந்தாங்க, மூங்கிலை உள்ள விட்டு, புனிதரைத் தூக்குற மாதிரியே பாட்டுப் பாடித் தூக்கி, பதமாத் திருப்பி, வாசல் ரோட்டைப் பாக்க வெச்சு, மாலையும் போட்டாங்க. செபஸ்தி மட்டும் சொன்னா, "அதுக்குப் புடிக்கலை, பாருங்க, கூரை நடுங்குது"ன்னு. "காத்தும்மா"ன்னாரு தலைவர்.

காத்து இல்லை. மூங்கிலை உருவினதும் தென்கரையில சங்கு ஊதுச்சு. வீட்டோட முதுகு தெரிஞ்சிருச்சு.

மறுநாள் எங்களுக்கும் சண்டை வந்துச்சு சார். முதல் குண்டு ஊர்த் தண்ணித்தொட்டி மேல விழுந்துச்சு. அது ரொம்ப வருஷமா காலிதான், அதுல தண்ணி ஏத்தச் சொல்லி நாங்க மனுக் குடுத்து ஓய்ஞ்சுபோயிருந்தோம், அதனால அன்னைக்கு யாருக்கும் பெரிய துக்கம் இல்லை. ரெண்டாவது குண்டு மீன் மார்க்கெட்டுல விழுந்துச்சு. அதைப் பத்தி நான் தமாஷாப் பேச மாட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் மூக்காயியை அந்தக் கரையோரம் கொண்டாந்து நிறுத்தினாங்க. அப்பத்தான் நாங்க அவளைப் பாத்தோம். வத்தலான உடம்பு, கால்ல புதுசா ஒரு இரும்பு வளையம். ஒரு ஆளு மைக்குல பேசினான். ஓடிப்போன வீடு பண்ணைச் சொத்து, அதுக்குள்ள இருந்ததும் பண்ணைச் சொத்து, ரெண்டையும் திருப்பி அனுப்பணும், அனுப்பாத வரைக்கும் வளையம் கழலாதுன்னான். செபஸ்தி அதைக் கேட்டுட்டு, சப்பரம் தூக்கினவன் ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயி, கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து, வீட்டைத் திருப்பிப் பழையபடி வெக்கச் சொன்னா. வெச்சாங்க. அவ புள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்த வாசல்ல போயி நின்னா. அங்க மூக்காயி, இங்க இவ, நடுவுல ஆறு. புள்ளை கொட்டாவி விட்டுச்சு. அங்க அவ வாயும் தெறந்து மூடினதை நான் என் கண்ணால பாத்தேன்.

அதுக்கப்புறம் தெனம் சாயங்காலம் அவளைக் கொண்டாந்து நிறுத்துவாங்க, அதே கூத்துதான். ரெண்டு பொம்பளைங்களும் கையாலயே பேசிக்கிட்டாங்க. குப்புற விழுந்துருச்சு, பல்லு மொளைச்சிருச்சு, சளி புடிச்சிருக்கு, தேவலை, எல்லாம் கையாலதான். நானும் அவகூடக் குடும்பம் நடத்துறேன் சார், எங்கிட்ட அவ இவ்வளவு பேசினதே இல்லை.

எங்க சர்க்கார் என்ன பண்ணுச்சு தெரியுமா? கோவிச்சுக்காதீங்க, உங்க பட்டாளம் அப்ப வரலை. தலைநகரத்துல இருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தாரு. ஒரு குடிசைக்காகச் சண்டையைப் பெருசாக்க வேண்டாம், திருப்பிக் குடுத்துரலாம்னாரு.

கோமதிநாயகம் எந்திரிச்சாரு. அவரைப் பெரிய வீரர்னு நான் சொல்ல மாட்டேன், அவருக்கும் தென்கரையில அரிசி ஏவாரம் உண்டு. ஆனா எந்திரிச்சாரு. "அய்யா, வீட்டைக் குடுக்குறதுன்னா குடுங்க. புள்ளை வீடு கெடையாது."

"வீட்டுக்குள்ள இருந்ததுதானே?"

"நீங்க இப்ப என் ஆபீசுக்குள்ள இருக்கீக. அதுக்காக உங்களைப் பேரூராட்சிச் சொத்துன்னு எழுதிக்கலாமா?"

அதிகாரி டிராக்டர் கொண்டாரச் சொன்னாரு. கயித்தைக் கட்டி ஆத்துப் பக்கமா இழுத்தாங்க. முன்னால போகத்தான் அதுக்குத் தெரியாதே சார். டிராக்டர் முக்குச்சு, வீடு ஒரு எட்டு பின்னால வெச்சுச்சு. இன்னும் முக்குச்சு, இன்னொரு எட்டு. அதிகாரி பாத்துக்கிட்டே இருக்க, டிராக்டரையும் டிரைவரையும் சேத்து இழுத்துக்கிட்டு கோயில் படிவரைக்கும் போயி, அங்க உக்காந்துருச்சு. டிரைவர் எறங்கி வீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு கயித்தை அவுத்தான். அதிகாரி பெரிய ஆபீசுக்கு என்ன எழுதினாருன்னு தெரியலை, மறு வாரம் உங்க பட்டாளம் வந்துச்சு. கோயில் படியில இருந்தும் ஆறு தெரியும், அதனால செபஸ்தி நிக்கிற எடம்தான் மாறுச்சு, நேரம் மாறலை.

கேக்குது சார், எனக்கும் கேக்குது. மேல தண்ணி ஏற ஏற ஷட்டர் அப்படித்தான் முனகும், என் அப்பா காலத்துல இருந்து முனகுது. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். தாங்காதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு முந்தி நானே எந்திரிப்பேன்.

இன்னிக்கு விஷயத்துக்கு வர்றேன். காலையில கஞ்சி குடிக்கிறப்ப செபஸ்தி சொன்னா, "இன்னிக்கு ஷட்டரை இறக்கிருங்க"ன்னு.

"உத்தரவு வரலையே"ன்னேன்.

"இதோ வந்துருச்சுல்ல."

"எதுக்கு இறக்கணும்?"

"அவளுக்கு வளையத்தோட முழங்காலுக்கு மேல தண்ணியில நிக்க முடியாது"ன்னா. சொல்லிட்டுப் புள்ளைக்கு ஆட்டுப்பால் காய்ச்சப் போயிட்டா. எனக்கு ரெண்டு மேலிடம் சார். ஒண்ணு எழுத்துல குடுக்கும், இன்னொண்ணு குடுக்காது. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல குடிமைப் பாடம் நடத்தின வாத்தியார் உத்தரவை மதிக்கணும்னு சொல்லிக் குடுத்தாரு, ஒரே நேரத்துல ரெண்டு வந்தா என்ன பண்றதுன்னு சொல்றதுக்குள்ள மணி அடிச்சுருச்சு.

இப்ப அந்தக் கரையில மைக்கு சத்தம் கேக்குதா? அவங்க பிரிஞ்சு போயி இன்னிக்கோட ஒரு வருஷம். விழா. பண்ணையார் பேசுறாரு, கேளுங்க, "நாம யாருக்கும் அடிமை இல்லை, எந்நாளும் அடிமையா இருக்க மாட்டோம்"ங்கிறாரு. கை தட்டுறாங்க. நல்ல பேச்சு. அந்தப் பேச்சுக்கு இந்தப் பக்கமா, அவர் வயல்ல நட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்க, வரப்பு வந்ததும் நிக்காம, வரப்பைத் தாண்டி, கரையைத் தாண்டி, தண்ணிக்குள்ளயும் நட்டுக்கிட்டே பின்னால வர்றாங்க. அணைக்கு அந்த முனையில அவங்க காவல் கொட்டகை இருக்கு, ரெண்டு கங்காணி உக்காந்து இதே ஆத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு முகம் தெரியுது, குனிஞ்ச தலை தெரியுது, கையில நாத்து தெரியுது. நடவு நடக்குதுன்னு எழுதிக்குவாங்க.

ஆத்து மணல்ல, ஓடுற தண்ணியில நாத்து நிக்காதுன்னு எனக்கும் தெரியும். நிக்குது. பாருங்க, அந்தக் கரையில இருந்து அவங்க கைவரைக்கும், பச்சையா, கோடு புடிச்ச மாதிரி. தண்ணி ஒதுங்கி ஓடுது.

என்ன கேக்குறீங்க? சிப்பாய்ங்க சேலை கட்டிக்கிட்டு வந்தா? நியாயமான சந்தேகம். ஆனா சிப்பாய் நட்டா வரிசை இவ்வளவு நேரா இருக்காது சார். ஆத்துல தண்ணி இல்லாதப்ப அவங்க பட்டாளம் எறங்கிட்டா? எறங்கலாம். உங்க பயத்தை நான் பொய்னு சொல்லலை, நாளைக்கு இந்த ஊர்ல குண்டு விழுந்தா முதல்ல விழப்போறது என் வீட்டு ஓட்டு மேல. அவங்க எறங்கினா நானே ஏத்துறேன், உத்தரவு வேண்டாம். இப்ப எறங்கியிருக்கிறது இவங்கதான். இவங்க முன்னால பாத்து நடந்தா எப்பவோ வந்திருப்பாங்க. திரும்பினா முதுகு தெரியும், முதுகு தெரிஞ்சா துப்பாக்கி. அதனால இப்படித்தான், ஒரு கை ஊனு, ஒரு எட்டு வை. வளையம் போட்ட காலு வேற. பாருங்க, எப்படி இழுத்து வைக்கிறா.

சார், உக்காருங்க. எந்திரிச்சாலும் சரி, வீல் பக்கம் போனாலும் சரி, நான் தடுக்க மாட்டேன், என் வயசுக்கு உங்களைத் தடுக்க முடியாது. இருந்தாலும் ஒரு தடவை எண்ணெய் போடாம அதைச் சுத்த முடியாது, எண்ணெய் கீழ ரூம்ல இருக்கு, ரூம் சாவி எந்தப் பையில வெச்சேன்னு நான் தேடணும். மெதுவாத்தான் தேடுவேன். நீங்க நல்ல வீட்டுப் புள்ளை மாதிரி இருக்கீங்க. உங்க அம்மா நடவு நட்டவங்களா? இல்லையா? சரி. எங்க அம்மா நட்டவங்க. சாயங்காலம் வந்து படுத்தாக்கூட கொஞ்ச நேரம் முதுகு நேராகாது.

மீன் மார்க்கெட்டுப் பக்கம் பாருங்க, ஊரே கரையில நிக்குது. யாரும் சத்தம் போடலை. சிவசுப்பு கடையைச் சாத்திட்டு வந்திருக்காரு, இது அந்தோணியார் திருவிழாவுக்குக்கூட நடக்காது. கோமதிநாயகம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ளயே எறங்கிட்டாரு. குடிசைங்களைப் பாருங்க. ஒவ்வொண்ணும் வாசலை ஆத்துப் பக்கமா நீட்டி, கோழி கழுத்தை நீட்டுற மாதிரி. முதல் ஆளு கரை ஏறிட்டா. ரெண்டாவது. அந்தக் கெழவி யாருன்னு தெரியலை, ஏறினதும் திரும்பாம பின்னாலயே நேரா அந்தக் கெழட்டுக் குடிசைக்குள்ள போயிட்டா, யாரும் வழி காட்டலை. மூக்காயி எங்க? அவதான் முந்தி வந்தவ. ஆமா, அதோ, கரைக்கு வந்துட்டா. வந்துட்டா சார். ஆனா அவ...

"ஏங்க! ஏங்க, இங்க வாங்க!"

செபஸ்திதான். படியேறி ஓடி வர்றா பாருங்க, அவ ஓடி நான் பாத்ததே இல்லை. என்ன செபஸ்தி? புள்ளை எங்க?

"தலைவர்கிட்ட இருக்கு. எல்லாரும் ஏறிட்டாங்க. மூக்காயி மட்டும் நிமிர மாட்டேங்குறா. கையில நாத்து தீந்துபோச்சு, வெறுங்கையை மண்ணுல ஊனிக்கிட்டே பின்னால வர்றா. ரோட்டுக்கே வந்துட்டா, தார்ல ஊனுறா, வெரல்ல ரத்தம். புள்ளை அவ முதுகுக்குப் பின்னால அழுகுது, ரெண்டு எட்டுல இருக்கு, திரும்ப மாட்டேங்குறா. வந்துட்ட தாயீ, வந்துட்டன்னு நான் சொல்லிப் பாத்துட்டேன், எல்லாப் பொம்பளைங்களும் சொல்லிப் பாத்தாச்சு. நீங்க வந்து சொல்லுங்க."

"நான் சொன்னா மட்டும் கேப்பாளா? என்னை அவளுக்குத் தெரியவே தெரியாதே."

"அதனாலதான் கூப்பிடுறேன். தெரியாத ஆம்பளை ஒருத்தன் வரப்புல நின்னு போதும்னு கத்தினாத்தான் அவளுக்கு வேலை முடியும். பொறந்ததுல இருந்து அப்படித்தான் முடிஞ்சிருக்கு. தலைவர் கத்திப் பாத்தாரு, அவருக்கு அழுகை வந்துருச்சு. வாங்க."

கேட்டீங்களா சார். அந்தக் கங்காணிக் குரல்ல நான் யாரையும் இதுவரைக்கும் கூப்பிட்டதில்லை, வருமான்னு தெரியலை. ஒரு தடவைதான். நிமிந்துட்டான்னா அப்புறம் அவகிட்ட யாரும் அப்படிப் பேச வேண்டியதில்லை.

வீல் அதான். எண்ணெய் போட்டுத்தான் வெச்சிருக்கு, காலையிலயே போட்டுட்டேன். வலப்பக்கம் சுத்துங்க, முதல்ல நடு ஷட்டர்.

வர்றேன் செபஸ்தி. வர்றேன், நீ முன்னால போ.